பிஸ்கற் ரின்னுக்குள் எட்டு நாள்: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

"அக்கா, அப்பாக்கு நேற்றுப் பின்னேரத்தில இருந்து சலம் போகுதில்ல. சலம் போற குளிசை ரெண்டு தாங்கோ."

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி. கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த கிழமை அது. கடை வாசலில் நின்றாலே முகம் காயும். கேட்டவள் திருக்கடலூர்ப் பக்கத்துப் பெண். தகப்பன் கரைவலைச் சம்மாட்டி, அதாவது வலைச் சொந்தக்காரர், வயது 64. அவளை எனக்குத் தெரியும். நாலு நாளைக்கு முன்னர் இதே இடத்தில் நின்று பனடோல் வாங்கிக்கொண்டு போனவள். கொடுத்தது நான்தான்.

நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அவர்களை இன்னார் என்று காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இந்த எட்டு நாளில் என் பங்கும் உண்டு. அதை மறைத்தால் எழுதுவதில் பயனில்லை.

கேட்டதைக் கொடுக்கவில்லை

சலம் போக வைக்கும் குளிசை என்று அவள் கேட்டது புரூசமைட்டை. அது மருத்துவர் எழுதித் தரவேண்டிய மருந்து. ஆனாலும் பெயர் ஊருக்குத் தெரியும். கால் வீங்கினால் பக்கத்து வீட்டில் இரண்டு வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு.

"தங்கச்சி, சலம் அடக்கிக்கொண்டு வயிறு ஊதி வலிக்குதோ? இல்லாட்டி சலம் வாற எண்ணமே இல்லையோ?"

"எண்ணமே இல்லையாம் அக்கா. ஆள் சோர்ந்து கிடக்கிறார். வியாழக்கிழமையில இருந்து சத்தி."

இந்தப் பதிலில்தான் எனக்கு வயிறு கலங்கியது. அடைபட்ட சலம் வேறு, உண்டாகாத சலம் வேறு. சலக்கட்டு என்றால் ஆள் துடிப்பார், ஓரிடத்தில் இருக்கமாட்டார். எண்ணமே இல்லாமல் சோர்ந்து கிடக்கிறார் என்றால் சிறுநீரகம் வேலையை நிறுத்துகிறது என்று பயப்பட வேண்டும். ஏற்கனவே வற்றிய உடம்பில் புரூசமைட்டைப் போட்டால் மிச்சத் தண்ணியையும் இறைத்துவிடும்.

"வீட்டில என்னென்ன குளிசை இருக்கோ எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு வாங்கோ. இப்பவே" என்றேன். முச்சக்கரவண்டியில் போய் அரை மணித்தியாலத்துக்குள் வந்தாள். கையில் ஒரு பழைய பிஸ்கற் ரின்.

ரின்னுக்குள் இருந்தவை

எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி வீடுகளில் இப்படி ஒரு ரின் இருக்கும். குளிரூட்டிக்கு மேலேயோ சாமிப்படத்துக்குப் பக்கத்திலோ வைத்திருப்பார்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபிறகு மிச்சக் குளிசையை எறிகிற பழக்கம் இன்னும் குறைந்துவிட்டது என்பது என் எண்ணம். அந்த வருடம் கடை கடையாக அலைந்தவர்களிடம் போய் எறியுங்கள் என்று சொல்லவும் வாய் வராது.

மேலே கிளினிக் மருந்துகள், ஆசுப்பத்திரியில் கொடுக்கும் சின்னக் கடதாசி உறைகளில். பிரஷருக்கு எனலாபிரில் 5 மி.கி. காலையும் இரவும், ஹைட்ரோகுளோரோதயசைட் 25 மி.கி. காலையில். சீனி வருத்தத்துக்கு மெற்போமின். கொலஸ்ட்ரோல் குளிசை ஒன்று, இரவில் அஸ்பிரின் 75 மி.கி. உறைகள் கசங்கி, பேனா எழுத்துப் பாதி அழிந்திருந்தது.

அதற்குக் கீழே நான் கொடுத்த பனடோல் காட் இரண்டும், வெறுமையாக. கட்டாரில் இருக்கும் மகன் போன வருடம் கொண்டுவந்த தடிமன் குளிசைப் பெட்டியில் அறபும் ஆங்கிலமும் அச்சடித்திருந்தது. பின்பக்கத்துப் பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். ஒரு குளிசையில் பரசிட்டமோல் 500 மி.கி., சூடோஎபெட்ரின், குளோர்பெனிரமின். ஆறு மாதத்துக்கு முன்னர் யாருக்கோ எழுதிய அமொக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லிக் குளிசையில் நாலு மிச்சம். பேரப்பிள்ளையின் காய்ச்சல் பாணி ஒன்று, காலாவதியாகிவிட்டது. கரையும் அஸ்பிரின் குளிசை இரண்டு. உறையைப் பிரித்ததும் வினாகிரி மணந்தது. ஈரமும் சூடும் பட்டு அஸ்பிரின் உடைந்தால் அப்படித்தான் மணக்கும். நம்முடைய ஊர் வெக்கையில் தகரப் பெட்டிக்குள் வைத்தால் அது நெடுநாள் தாங்காது.

அடியில் ஒரு சின்ன வெள்ளை உறை. அதில் "2 வேளை சாப்பாட்டுக்குப் பின்" என்பதைத் தவிர எழுத்தே இல்லை. உள்ளே பூச்சுப் போட்ட குளிசை மூன்றும் கூட்டுக்குளிசை ஒன்றும்.

"இது என்ன?"

"உளைவுக் குளிசை அக்கா. அப்பாக்கு முழங்கால்."

நிறத்தையும் வடிவத்தையும் வைத்து ஊகிக்கலாம், ஆனால் ஊகத்தை வைத்துக்கொண்டு ஆளை ஆசுப்பத்திரிக்கு அனுப்ப முடியாது. கொடுத்த கடை எதென்று கேட்டுத் தொலைபேசி எடுத்தேன். அந்தக் கடைக்காரர் மறைக்காமல் சொன்னார்: டைக்குளோபெனாக் 50 மி.கி., கூடவே வயித்தெரிவு வராமல் இருக்க ஒமிப்பிரசோல். அவர் உடனே சொன்னதால் வார்டில் ஒரு மணித்தியாலமாவது மிச்சமாகியிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ரின்னையும் அவளிடம் கொடுத்து, 1990க்கு அடித்து அம்புலன்ஸ் எடுக்கச் சொன்னேன். "ரின்னை டொக்டரிட்டக் காட்டாம வராதேங்கோ."

நாள் கணக்கு

பிறகு மகளோடும் தாயோடும் இருந்து நாள் நாளாக அடுக்கிப் பார்த்தேன்.

முதல் ஞாயிறு. கரைவலைக்கு ஆள் குறைவு, சம்மாட்டியே கயிறு பிடித்திருக்கிறார். சூடேறிய மணலில் இரண்டு பாடு. பின்னேரம் முழங்கால் வீங்கிவிட்டது. தனியார் டொக்டரிடம் போனால் காசு, கிளினிக் நாள் வர இன்னும் பதினொரு நாள். பஸ்ஸால் இறங்கிய இடத்தில் இருந்த கடையில் "முழங்கால் உளைவுக்கு ஏதாவது தாங்கோ" என்று கேட்டிருக்கிறார். கொடுத்தார்கள். நோ கேட்டதால் இரண்டு வேளையை மூன்று வேளையாக்கியது அவருடைய சொந்த முடிவு. நாளுக்கு 150 மி.கி., அதாவது டைக்குளோபெனாக்கின் உச்ச அளவு.

செவ்வாய் இரவு காய்ச்சல். வீட்டில் இருந்த பனடோலைப் போட்டார்.

புதன்கிழமை மகள் என்னிடம் வந்தாள். அன்று நான் கேட்டது என்ன என்பது எனக்கு நல்ல ஞாபகம். ஆருக்கு, எத்தனை வயது, வேறு வருத்தம் இருக்கோ. "அப்பாக்கு. பிரஷரும் சீனியும், கிளினிக் மருந்து எடுக்கிறார்." பனடோல் பொருத்தமானதுதான். ஒருமுறைக்கு இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம், நாளைக்கும் காய்ச்சல் இருந்தால் இரத்தம் பாருங்கோ என்று சொல்லி அனுப்பினேன். பாடப்புத்தகப்படி பிழையில்லை. ஆனால் இரண்டு கேள்வியை விட்டுவிட்டேன்: கிளினிக் மருந்தைத் தவிர இந்தக் கிழமை வேறு என்ன போட்டவர்? ஆளின் நிறை எவ்வளவு? பின்னுக்கு ஆறு பேர் நின்றார்கள். அது காரணம், சாட்டு இல்லை.

அன்றிரவே மூக்கு அடைத்ததென்று கட்டார்க் குளிசையும் சேர்ந்தது, நாளுக்கு மூன்று.

வியாழன் சத்தி தொடங்கியது. சோறு இறங்கவில்லை. கிளினிக் மருந்தை மட்டும் ஒரு வேளையும் விடவில்லை. "பிரஷர்க் குளிசையை நிப்பாட்டக்கூடாது எண்டு கிளினிக்கில சொன்னவை" என்றார் தாய். உடம்பு சூடு என்று நாளுக்கு இரண்டு செவ்விளநீர் வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை உளைவுக் குளிசை முடிந்தது. அதே கடையில் இன்னும் பத்து. வாங்கப் போனது பதினான்கு வயதுப் பேரன். அமொக்சிசிலின் இரண்டு போட்டதும் அன்றுதான், "காய்ச்சலுக்கு நல்லது" என்று பக்கத்து வீட்டார் சொல்லி.

சனிக்கிழமை ஒரே ஒருமுறை சலம், தேயிலைச் சாயம் போல. மறுநாள் காலையில்தான் மகள் என்னிடம் வந்தாள்.

வார்டில்

நாடி நிமிடத்துக்கு 112, பிரஷர் 102/64, நாக்கு வறண்டிருந்தது. சிறுநீரகம் மந்தமானால் இரத்தத்தில் ஏறும் கழிவான சீரம் கிரியேட்டினின் 3.6. மூன்று மாதத்துக்கு முன்னர் கிளினிக் கொப்பியில் 1.1 என்று எழுதியிருந்தது. அந்தக் கொப்பி இல்லாவிட்டால் இது புதுச் சேதமா பழைய சிறுநீரக நோயா என்று பிரித்தறிவதற்கே நாள் போயிருக்கும். பொட்டாசியம் 6.2, ஆபத்தான ஏற்றம், ஈசிஜியிலும் அதன் அடையாளம் இருந்தது. ஸ்கானில் சலப்பை கிட்டத்தட்ட வெறுமை. அடைப்பு இல்லை. டெங்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஈரல் நொதி இரண்டும் ஏறியிருந்தன.

எனலாபிரில், ஹைட்ரோகுளோரோதயசைட், மெற்போமின், டைக்குளோபெனாக் எல்லாம் அன்றே நிறுத்தப்பட்டன. இதயத்தைக் காக்கக் கல்சியம் ஊசி, பொட்டாசியத்தை இறக்க இன்சுலினும் குளுக்கோஸும், அளவு பார்த்துச் சேலைன். பரசிட்டமோல் கணக்கையும் ஈரல் முடிவையும் பார்த்து, பரசிட்டமோல் நச்சை முறிக்கும் என்-அசெட்டில்சிஸ்டீன் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் சலம் நன்றாகப் போகத் தொடங்கியது. டயாலிசிஸ் வரை போகவில்லை. ஒன்பது நாளில் வீட்டுக்கு வந்தார். ஆறு கிழமைக்குப் பிறகு கிரியேட்டினின் 1.3. பழைய 1.1க்குத் திரும்பவில்லை.

மதகுக் கணக்கு

மருமகன் தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர். "ஒரு நோக் குளிசை எப்படி மிஸ் கிட்னியை நிப்பாட்டும்? எத்தனையோ பேர் போடினம்தானே" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வயல் பார்க்கிறவருக்கு மதகைக் காட்டித்தான் விளங்கப்படுத்தினேன்.

சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டியும் ஒரு பாத்தி. தண்ணி வர ஒரு வாய், போக ஒரு வாய். உள்ளே அழுத்தம் இருந்தால்தான் வடிகட்டும். குளத்தில் நீர் குறையும்போது உடம்பு இரண்டு வேலை செய்து பாத்தியைக் காப்பாற்றும்: உள்வாயை அகலத் திறக்கும், வெளிவாயை ஒடுக்கும். உள்வாயைத் திறந்து வைத்திருப்பது புரொஸ்டாகிளான்டின் என்ற பொருள். டைக்குளோபெனாக், இபுபுரோபென் போன்ற நோக் குளிசைகள் அதைத்தான் நிறுத்துகின்றன. நோ குறைவதும் அதனால்தான், உள்வாய் ஒடுங்குவதும் அதனால்தான். வெளிவாயை ஒடுக்குவது அஞ்சியோடென்சின். எனலாபிரில், லோசார்ட்டன் வகைகள் அதைத் தடுத்து வெளிவாயைத் திறந்துவிடும். சாதாரண நாளில் அது சிறுநீரகத்துக்கு நல்லது, சீனி வருத்தக்காரருக்கு விரும்பிக் கொடுப்பதும் அதற்காகத்தான். ஹைட்ரோகுளோரோதயசைட் குளத்திலிருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றும்.

"அப்ப உள்ள வாறது அடைபட்டு, வெளிய போறது திறந்து, குளமும் வத்திப்போச்சு."

"ஓம். அதோட கச்சான் வெயில்ல வேர்த்து, காய்ச்சல்ல காய்ஞ்சு, சத்தியும் எடுத்தா?"

அவர் தலையை ஆட்டினார். மருத்துவத்தில் இந்த மூன்றின் சேர்க்கையை மும்முனை அடி என்று சொல்வதுண்டு. இளமையும் நல்ல சிறுநீரகமும் உள்ளவர் இரண்டு நாள் டைக்குளோபெனாக் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஊரில் "எத்தனையோ பேர் போடினம்" என்று சொல்வதன் உண்மை அது. அதே குளிசைதான் வேறு உடம்பில், வேறு கிழமையில் இந்த வேலையைச் செய்தது.

அந்தக் கடை வயிற்றைக் காக்க ஒமிப்பிரசோல் சேர்த்துக் கொடுத்தது. ஆகவே கவனமே இல்லாத கடை என்று சொல்லமாட்டேன். வயிறு எரிந்தால் ஆள் திரும்பி வந்து சண்டை பிடிப்பார். சிறுநீரகம் சண்டைக்கு வராது. நாங்கள் கடைக்காரர் எல்லோரும் சத்தம் போடும் உறுப்புக்குத்தான் பயப்படுகிறோம்.

இளநீரைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் தாய் இன்றுவரை அதை நினைத்து அழுகிறார். வெயிலில் களைத்தவருக்கு இளநீர் நல்லதுதான். ஆனால் அதன் பெரிய சரக்கு பொட்டாசியம்: 100 மில்லிலீற்றருக்குச் சுமார் 250 மி.கி. எனலாபிரிலும் நோக் குளிசையும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். சலம் குறைந்தால் வெளியேற வழியே இல்லை. அவர் கொடுத்தது பாசத்தில். குற்றம் அவருடையது இல்லை. சிறுநீரகம் பழுதானவர், இந்த வகைப் பிரஷர்க் குளிசை எடுப்பவர் தினமும் இளநீர் குடிக்கலாமா என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்வது நல்லது.

பனடோல் கணக்கு

பனடோல் நம் வீடுகளில் மருந்து என்ற கணக்கிலேயே வருவதில்லை. "மருந்து ஏதும் போட்டதோ?" என்றால் "இல்லை, பனடோல் மட்டும்தான்" என்பார்கள். சரியாகப் போட்டால் இதைவிடப் பாதுகாப்பான காய்ச்சல் குளிசை கிடையாது என்பதும் உண்மை.

வளர்ந்தவருக்கு ஒருமுறைக்கு 500 மி.கி. குளிசை ஒன்று அல்லது இரண்டு. இடைவெளி குறைந்தது நாலு மணித்தியாலம், ஆறு என்றால் இன்னும் நல்லது. 24 மணித்தியாலத்தில் எட்டுக் குளிசை, அதாவது 4 கிராம், எல்லை. 50 கிலோவுக்குக் குறைந்தவர், சாப்பாடு இறங்காதவர், ஈரல் நோயாளி, குடிப்பழக்கம் உள்ளவர் இந்த எல்லைக்குக் கிட்டவும் போகக்கூடாது.

இவர் பனடோல் எட்டும் போட்டார், 4 கிராம். கட்டார்க் குளிசை மூன்றில் 1.5 கிராம். நாளுக்கு 5.5 கிராம், மூன்று நாள். ஆளின் நிறை 52 கிலோதான், சாப்பாடும் இறங்கவில்லை. எட்டுக் குளிசை என்று நான் சொன்ன எல்லையே அவருக்குக் கூடுதல்தான்.

ஈரல் பரசிட்டமோலை உடைக்கும்போது சிறு பகுதி நச்சாக மாறும். அதை அடக்குவது குளூட்டாதயோன். நாலு நாள் சோறு இறங்காதவரிடம் அந்தக் கையிருப்புக் குறையும். பிறகு மகள் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்: "அக்கா, அப்பா இரவில கொஞ்சம் எடுக்கிறவர்." கடைக்கு முன்னால் ஆறு பேர் நிற்கும்போது எந்த மகளும் இதைச் சொல்லமாட்டாள். நானும் கேட்டிருக்கமாட்டேன். இப்போது கேட்கிறேன், ஆனால் கண்ணாடிப் பெட்டியின் ஓரத்துக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி.

பெட்டியின் முன்பக்கத்தில் "தடிமன்", "சளி", "உடம்பு நோ" என்று எதுவும் எழுதியிருக்கலாம். பின்பக்கத்தில் பரசிட்டமோல் என்று இருந்தால் அது பனடோல்தான். சில நாடுகளில் அதையே அசிற்றமினோபென் என்று எழுதுவார்கள். மருந்தின் வணிகப் பெயரை விட்டு உள்ளிருக்கும் பொருளின் பெயரைப் பார் என்பது இந்த நாட்டுக்குப் புதிதில்லை. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்த பேராசிரியர் சேனக பிபிலே அதற்காகவே வாதாடினார். அவர் பார்த்தது விலையையும் நாட்டின் காசையும். அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு பிஸ்கற் ரின்னுக்கு முன்னால் நின்று நான் பார்த்தது, உள்ளிருக்கும் பெயர் ஆளின் ஈரலையும் காக்கும் என்பதை.

கட்டார்க் குளிசையின் மற்ற இரண்டு சரக்கும் இவருக்கு ஆகாதவைதான். சூடோஎபெட்ரின் பிரஷரையும் நாடியையும் ஏற்றும். குளோர்பெனிரமின், ஊரில் பிரிட்டன் (Piriton) என்று சொல்லும் அதே மருந்து, தூக்கம் தருவதோடு புரொஸ்ரேற் பெருத்த வயதானவர்களுக்குச் சலத்தை அடக்கவும் கூடும். வார்டில் ஸ்கான் பார்க்க அதுவும் ஒரு காரணம்.

காய்ச்சல் நாளில் நோக் குளிசை

இந்த ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். 2017இன் முற்பகுதியில் கிண்ணியா பட்ட பாட்டை மறக்க முடியாது. அந்த வருடம் இலங்கை முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்குச் சந்தேகத்தில் பதிவானார்கள். காய்ச்சலென்றால் பரசிட்டமோல் மட்டும், டைக்குளோபெனாக்கும் இபுபுரோபெனும் அஸ்பிரினும் வேண்டாம் என்று அப்போது சுவர் சுவராக ஒட்டியிருந்தது. டெங்கில் குருதிச் சிறுதட்டு விழும்போது இந்த மருந்துகள் இரத்தக்கசிவைக் கூட்டும்.

இவர் வீட்டில் யாரும் அந்த விதியை மீறவில்லை என்பதுதான் விசித்திரம். காய்ச்சலுக்கு டைக்குளோபெனாக் வாங்கவில்லை. முழங்காலுக்கு வாங்கியது ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது, பெயரில்லாத உறைக்குள். டெங்குக்காரருக்கு ஆகாத குளிசை அது என்று அறிய வழியே இல்லை.

மூன்று இடம், ஒரு ஆள்

டைக்குளோபெனாக் மருத்துவரின் துண்டில்லாமல் கொடுக்கக்கூடாத மருந்து. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை வந்தது. சட்டத்தில் ஓட்டை அதிகமில்லை. ஓட்டை வாழ்க்கையில் இருக்கிறது. முழங்கால் நோவுக்கு ஒரு நாள் வேலையை விட்டு டொக்டரிடம் போய்க் காசும் கொடுக்கக் கரைவலைக்காரரால் முடியுமா? கிளினிக்குக்கு விடியப்புறம் போய் நம்பர் எடுக்க வேண்டும். கடை மட்டும்தான் காத்திருக்க வைக்காத இடம். கடை மூடுகிறவரை கேள்வியில்லாமல் கிடைக்கும் என்று ஆட்களுக்குத் தெரியும். கேள்வி கேட்கிற கடையை விட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகிறவர்களையும் நான் பார்க்கிறேன்.

கிளினிக் டொக்டரின் கொப்பியில் ஐந்து மருந்து. பஸ் தரிப்பிடத்துக் கடைக்குத் தெரிந்தது இரண்டு. எனக்கு ஒன்று. கட்டார்ப் பெட்டி எவர் கணக்கிலும் இல்லை. எல்லாம் சேர்ந்து இருந்த ஒரே இடம் அந்த ரின். அதைத் திறந்து பார்க்க எட்டாம் நாள் வரை ஒருவருக்கும் தோன்றவில்லை. கடையில் துண்டில்லாமல் வாங்கும் குளிசைதான் இதில் மோசம். கிளினிக் மருந்துக்குக் கொப்பியாவது உண்டு, இதற்கு எழுத்தே கிடையாது.

அதனால்தான் உறையில் மருந்தின் பெயர், அளவு, திகதி மூன்றும் எழுதித் தராத கடையில் வாங்காதேங்கோ என்று இப்போது வெட்கமில்லாமல் சொல்கிறேன். குளிசைக் காட்டை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் திகதியும் உள்ள பக்கம் கடையில் தங்கிவிடும். எழுதித் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வேறு என்ன செய்திருக்கலாம்

முழங்காலுக்கு முதலில் பரசிட்டமோலே போதும், அவர் நிறைக்கு ஏற்ற அளவில், இரண்டு மூன்று நாள். வீங்கிய அன்று குளிர் ஒத்தடம், பிறகு சுடுதண்ணி ஒத்தடம். சித்தாலேப பூசுகிறவர்கள் பூசட்டும். தோலில் பூசும் டைக்குளோபெனாக் ஜெல்லில் இரத்தத்துக்குப் போவது குளிசையைவிட மிகக் குறைவு, ஆனால் சிறுநீரக நோயாளி அதையும் கேட்டுத்தான் பூச வேண்டும். கன்னியாவின் ஏழு கிணற்றிலும் வாளி வாளியாக ஊற்றிவிட்டு வருகிறவர்களை நான் சிரிப்பதில்லை. முழங்காலுக்கு எவ்வளவு நல்லதோ தெரியாது, சிறுநீரகத்துக்குக் கெடுதலில்லை.

காய்ச்சல் தொடங்கியதும் கஞ்சியும் ஜீவனி உப்புக்கரைசலும், வாய்க்கு இறங்குகிற அளவு. மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்கலாம், உப்புத்தண்ணி விடலாம். பிரஷர்க்காரருக்கு அதற்கு மேல் குளிசை பெரும்பாலும் தேவைப்படாது. மிச்சம் வைத்த அமொக்சிசிலின் எந்தக் காய்ச்சலுக்கும் வேண்டாம்.

கிளினிக் மருந்தை நிறுத்தும் விஷயத்தில் கொஞ்சம் பொறுமையாக எழுதவேண்டும். வெறும் தடிமனுக்குப் பிரஷர்க் குளிசையை நிறுத்துவது மடத்தனம். ஆனால் சத்தியோ வயிற்றோட்டமோ எடுத்து, குடிப்பதும் தங்காமல், சலம் குறைகிறது என்றால் எனலாபிரில் வகை, நீர் வெளியேற்றும் குளிசை, மெற்போமின் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தவேண்டி வரலாம். சிறுநீரகம் மந்தமானால் மெற்போமின் தேங்கி இரத்தத்தில் அமிலத்தைக் கூட்டும். எந்த நாளில் எதை நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று அடுத்த கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்கலாம். வாங்கியிருந்தால் அந்த வியாழக்கிழமை தாய்க்கு ஒரு வழி தெரிந்திருக்கும்.

பேரப்பிள்ளையின் பாணியைப் பற்றி ஒரு சொல். சிறுபிள்ளைக்குப் பரசிட்டமோல் வயதுக்கு அல்ல, நிறைக்கு: கிலோவுக்கு 15 மி.கி., நாளுக்கு நாலு தரத்துக்கு மேல் இல்லை. 5 மில்லிலீற்றரில் 120 மி.கி. உள்ள பாணியில் 10 கிலோப் பிள்ளைக்கு 6 மில்லிலீற்றரும் சொற்பமும். அதையும் தேத்தண்ணிக் கரண்டியால் அளக்காமல் போத்தலோடு வரும் அளவுகோலால். கரையும் அஸ்பிரினைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது, 16 வயதுக்குக் கீழே ரேய்ஸ் என்ற மூளை, ஈரல் பாதிப்பின் ஆபத்து உண்டு. அது அந்த ரின்னில் பாணிப் போத்தலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

பிறகு

ஒரு மாதம் கழிந்து சம்மாட்டியே கடைக்கு வந்தார். மெலிந்திருந்தார். கையில் மகள் எழுதிக்கொடுத்த அப்பியாசக் கொப்பித் தாள், நாலாக மடித்தது. கிளினிக்கில் மாற்றிய மருந்துகள் அளவோடு இருந்தன. அடியில் கொட்டை எழுத்தில் "டைக்குளோபெனாக், இபுபுரோபென் கூடாது". தாளை என்னிடம் நீட்டிவிட்டு, தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார்.

"எங்கட வலையில கயிறு பிடிக்கிற பெடியன் ஒருத்தனுக்கு நாரி பிடிச்சிட்டுது பிள்ளை. நல்லதா ஒரு குளிசை தா."

"அவருக்கு பிரஷர், வயித்துப்புண் ஏதும் இருக்கோ ஐயா? வேற குளிசை போடுறாரோ?"

சம்மாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தெரியாது. நில், கேட்டுக்கொண்டு வாறன்" என்று சைக்கிளைத் திருப்பினார்.